லவ் பேர்ட்ஸ் வளர்க்கும் வீட்டில் பூச்சிமருந்தும் புகையும்: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டு வாசலில் நின்றால் மேற்கே மலை தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். விடியற்காலையில் கூடலூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்புகள் ஆள் ஏற்றிக்கொண்டு குமுளி வழியாகவும் கம்பம் மெட்டு வழியாகவும் ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் புறப்படும். வீட்டுக்குப் பின்னால் பன்னீர் திராட்சைப் பந்தல்கள். ஆக, மேற்கே ஏலத்துக்கு மருந்து, கிழக்கே திராட்சைக்கு மருந்து, நடுவில் எங்கள் வீடு. அந்த வீட்டின் முன்கூடத்தில் நான் 11 வருடங்களாகப் பறவை வளர்க்கிறேன்.

ஆறு வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு லவ் பேர்ட்ஸ் அடுத்தடுத்து கூண்டின் அடித்தட்டில் விழுந்து இறந்தன. அரை மணி நேரத்துக்கு முன்புதான் தினை கொத்தித் தின்றுகொண்டிருந்தன. பூனை பயமுறுத்தியிருக்கும் என்றார்கள், கண்ணேறு என்றார்கள். நான் உடல்களைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனேன். அவர் பறவையைத் தொடும் முன்பே கேட்ட கேள்வி: "அடுப்பில் என்ன வைத்திருந்தீர்கள் அம்மா?"

நான்ஸ்டிக் தோசைக்கல் வைத்திருந்தேன். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, வாசலில் வந்த கீரைக்காரம்மாவிடம் பேசப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கல் காய்ந்து லேசாகப் புகைந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு தும்மல்கூட இல்லை. பன்னிரண்டு அடி தள்ளியிருந்த கூண்டில் இரண்டு உயிர் போய்விட்டது. அன்றைக்குப் பிறகு கற்றுக்கொண்டதையும், செய்து பார்த்துப் பலன் கண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

பறவைக்கு மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம்

நாம் மூச்சை இழுத்து, அதே வழியாக வெளியே விடுகிறோம். பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடும். பெரும்பாலான பறவைகளுக்கு நுரையீரலோடு ஒன்பது காற்றுப்பைகள் இருக்கின்றன. அவை துருத்தி போல வேலை செய்வதால், மூச்சை உள்ளே இழுக்கும்போதும் வெளியே விடும்போதும் புதுக் காற்று நுரையீரலைத் தொட்டபடியே இருக்கும். காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் உள்ள சவ்வு நம்முடையதைவிட மிக மெல்லியது. பறப்பதற்கு இவ்வளவு பிராணவாயு வேண்டியிருப்பதால் உடம்பு இப்படி அமைந்திருக்கிறது. காற்றில் நஞ்சு கலந்திருந்தால் அதுவும் அதே வேகத்தில் ரத்தத்தில் ஏறும்.

இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் கார்பன் மோனாக்சைடை முன்கூட்டியே அறிய கேனரிக் குருவிகளைக் கொண்டுபோனது இதனால்தான். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி சொன்ன யோசனை அது. 1986-ல்தான் அந்த வழக்கத்தைக் கைவிட முடிவெடுத்தார்கள். 

எடையையும் பாருங்கள். கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று நாம் வாங்குவது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பட்ஜரிகர். அதன் எடை 30 முதல் 40 கிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 30 கிராம் பறவைகள் 2000 சேர்ந்தால்தான் ஈடு. நம் விரலில் தெரியாமல் ஒட்டியிருக்கும் அளவு அதற்கு எவ்வளவு பெரிய பங்கு என்பதை இந்தக் கணக்கிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மலையடிவாரத்தில் கிளிக்குஞ்சு பிடித்து விற்பவர்களிடம் வாங்காதீர்கள். இந்த வழிகாட்டி லவ் பேர்ட்ஸ், காக்டெய்ல், ஃபின்ச் போன்ற கூண்டுப் பறவைகளுக்கானது. புறாவுக்கும் கோழிக்கும்கூடப் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: கூண்டு இருக்கும் இடம்

சமையலறை வேண்டவே வேண்டாம். சமையலறைக் கதவுக்கு நேர் எதிரும் வேண்டாம். சாமி அறை, செருப்பு விடும் இடம், வண்டி நிறுத்தும் தாழ்வாரம் ஆகிய மூன்றும் ஆகாது. சாமி அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம். செருப்பில் தோட்டத்து மண். தாழ்வாரத்தில் பைக் புகை.

காற்று வரும் திசையை ஒரு வாரம் கவனித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆனி, ஆடியில் இந்தப் பள்ளத்தாக்கில் காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் மேற்கு ஜன்னலோரம் இருந்த கூண்டை நடு அறைக்கு மாற்றினேன். வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது, அதற்காகக் காலையில் ஒரு மணி நேரம் முற்றத்துக்கு எடுத்துப் போகிறேன்.

கூண்டு தரையிலிருந்து நான்கு அடியாவது உயரத்தில் இருக்கட்டும். தரை துடைக்கும் திரவங்களின் நெடி கீழ்மட்டத்தில்தான் கடுமையாக இருக்கும்.

இரண்டாம் படி: அடுப்பு

நான்ஸ்டிக் பாத்திரத்தின் வழவழப்பான பூச்சுக்குப் பெயர் பி.டி.எஃப்.இ. பழக்கத்தில் டெஃப்லான். சாதாரணச் சூட்டில் அது சும்மா இருக்கும். 260 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடேறினால் சிதையத் தொடங்கி, கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத ஆவியை விடும். வெறும் கல்லைப் பெரிய தீயில் வைத்தால் சில நிமிடங்களில் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். ஆவியைச் சுவாசித்த பறவைக்கு நுரையீரலில் ரத்தம் கசிந்து மூச்சு அடைக்கும். இதற்கு முறிமருந்து கிடையாது.

எனவே பறவை உள்ள வீட்டில் இரும்புத் தோசைக்கல்லுக்கும் மண்சட்டிக்கும் திரும்பிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். புது இரும்புக் கல்லை எண்ணெய் தடவிப் பழக்கும் இரண்டு நாளும் கூண்டைப் பக்கத்து வீட்டில் வைத்திருந்தேன், எண்ணெய்ப் புகையும் கெடுதல் என்பதால். சாண்ட்விச் டோஸ்டர், ஏர் ஃபிரையர், இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு, சில ரூம் ஹீட்டர்கள் ஆகியவற்றிலும் இதே பூச்சு இருக்கலாம். வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்டு, பெட்டியில் எழுதியிருப்பதையும் படியுங்கள்.

மூன்றாம் படி: கொசுவும் புகையும்

கொசுவர்த்திச் சுருளில் பைரித்ராய்டு வகை மருந்து இருக்கிறது. அந்த வகை பறவைக்கு வயிற்றில் போனால் அவ்வளவு கெடுதல் செய்யாது என்பது உண்மை. கெடுதல் அதன் புகையில் இருக்கிறது. ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. மூடிய அறையில் இரவு முழுவதும் அதற்குள் ஒரு 30 கிராம் உயிர் மூச்சு விடுகிறது. மின்சாரத்தில் செருகும் திரவமும் கூண்டு இருக்கும் அறையில் வேண்டாம்.

வேப்பிலைப் புகை, நொச்சிப் புகை, சாம்பிராணி போட்டால் இயற்கைதானே என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். புகை எதிலிருந்து வந்தாலும் புகைதான். பறவையின் காற்றுப்பைக்கு வேப்பிலையும் பிளாஸ்டிக்கும் வேறுவேறு என்று தெரியாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிறீர்கள் என்றால் அந்த ஒரு மணி நேரம் கூண்டு மொட்டைமாடியிலோ பின்கட்டிலோ இருக்கட்டும். போகி அன்று விடியற்காலை தெருவே புகையும். அன்று ஜன்னல்களை முந்தைய இரவே சாத்திவிடுங்கள்.

கொசுவை அப்படியே விடவும் முடியாது. பறவை அம்மையைப் பரப்புவதே கொசுதான். கூண்டைச் சுற்றிக் கொசுவலை தைத்துப் போடுங்கள். கம்பியிலிருந்து நான்கு விரல் தள்ளி நிற்கும்படி தைத்தால் அலகால் கடித்து நூலை விழுங்காது. எனக்கு இரண்டு மீட்டர் வலையும் ஒரு மதியப் பொழுதும் செலவானது, அவ்வளவுதான்.

நகராட்சியிலிருந்து கொசுமருந்து புகை அடிக்க வருவார்கள். அந்த இயந்திரச் சத்தம் தெருமுனையில் கேட்டவுடன் கூண்டை உள்ளறைக்குக் கொண்டுபோய்க் கதவிடுக்கில் ஈரத்துணி வையுங்கள். டீசலில் கலந்து அடிக்கும் மருந்து அது, தண்ணீர்க் கிண்ணத்திலும் படியும். புகை கலைந்த பிறகு தண்ணீரையும் தீவனத்தையும் கொட்டிவிட்டுப் புதிதாக வையுங்கள். டெங்குத் தடுப்புப் பணியாளர்கள் தண்ணீர்த் தொட்டியில் புழு மருந்து ஊற்றிய நாட்களில் அந்தத் தண்ணீரைப் பறவைக்கு வைப்பதில்லை, குடத்தில் முன்பே பிடித்துவைத்ததைத்தான் வைக்கிறேன்.

நான்காம் படி: வேலைக்குப் போய் வருபவரின் கையும் சட்டையும்

எங்கள் பக்கத்து வீடுகளில் யாரும் கவனிக்காத வழி இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் தம்பி ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறான். ஏலத்துக்குத் தண்டு துளைப்பான், த்ரிப்ஸ் என்று வருடம் முழுக்கப் பூச்சித்தொல்லை, அதனால் வருடம் முழுக்க மருந்து. ஒருநாள் மாலை ஜீப்பிலிருந்து இறங்கி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். காக்டெய்லைக் கூண்டிலிருந்து எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டான். அதுவும் அவனைக் கண்டால் விடாது. அவன் காலரின் தையலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அலகால் நெருடிக்கொண்டே போயிற்று. பிறகு சட்டைக் கையின் மடிப்பு, பிறகு பொத்தான். அந்த மடிப்பில் உப்புப் பூத்தது போல வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது.

"டேய், மருந்து அடித்துவிட்டா வந்தாய்?" என்று கேட்டேன்.

"இல்லை அக்கா, அடித்தது வேறு ஆள். நான் டிரம்மில் கலக்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான்."

கலக்குபவர் கையில்தான் தண்ணீர் சேராத முழு வீரியமுள்ள மருந்து படும். இரவு எட்டு மணிக்குள் பறவைக்குக் கால் தள்ளாடியது, வாயோரம் எச்சில் கோத்தது, எச்சம் பச்சையாகத் தண்ணீராகப் போனது. மறுநாள் விடியும் வரை காத்திருக்காமல் மருத்துவரை எழுப்பினோம். அவர் அட்ரோபின் ஊசி போட்டார். பிழைத்துக்கொண்டது. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் நரம்புக்குச் செய்தி கடத்தும் வேலையில் தேவையான ஒரு நொதியை முடக்கிவிடும், அந்த வகைக்குப் பறவைகள் பாலூட்டிகளைவிட எளிதில் பலியாகும் என்று அவர் விளக்கினார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு வழக்கம் இது. வேலை உடுப்பை வாசலுக்கு வெளியே ஒரு வாளியில் கழற்றிப் போட வேண்டும். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, நகக்கண்ணையும் தேய்த்து, முடிந்தால் தலையோடு குளித்துவிட்டு வேறு உடுப்பு மாற்ற வேண்டும். அதன் பிறகுதான் பறவை. வேலை உடுப்பை மற்றத் துணிகளோடு ஊறவைக்கக் கூடாது, தனி வாளி, தனித் துவைப்பு. காயப்போடும் கொடி கூண்டுக்கு மேலேயோ காற்றுவாக்கிலோ இருக்கக் கூடாது. பழைய வேலைச் சட்டையைக் கிழித்துக் கூண்டுக்கு மூடுதுணியாகப் போடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு, அதையும் விட்டுவிடுங்கள்.

மருந்து வந்த அட்டைப்பெட்டி கனமாக இருக்கிறது என்று முட்டையிட வைக்கிறார்கள். காலி மருந்து கேனை வெட்டித் தண்ணீர்த் தொட்டியாக்குகிறார்கள். எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக் அந்த மருந்தை விட்டுத்தராது. கூடு கட்டுவதற்குச் சின்ன மண்கலயம் சந்தையில் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. சாயம் பூசாத கலயமாகப் பார்த்து வாங்குங்கள்.

கையில் பூசும் வாசனை லோஷன், நகப்பூச்சு, சானிடைசர் ஆகியவற்றுக்கும் இதே விதி. காய்ந்து நெடி போன பிறகு கழுவிவிட்டுத் தொடுங்கள்.

ஐந்தாம் படி: தரை, எறும்பு, எலி

பினாயில் ஊற்றித் தரை துடைத்தால் காய்ந்து நெடி அடங்கும் வரை கூண்டு வேறிடத்தில் இருக்கட்டும். பறவை தரையில் இறங்கி நடக்கும் அறைக்குப் பினாயிலே வேண்டாம், பூந்திக்கொட்டை ஊறவைத்த வெந்நீர் போதும். கழிவறை ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மனிதருக்கே ஆபத்தான சேர்க்கை அது.

சிந்திய தினைக்கு எறும்பு வரும். உடனே கூண்டைச் சுற்றி எறும்புச் சாக்பீஸால் கோடு போடுகிறோம், அல்லது எறும்புப் பொடி தூவுகிறோம். இறகடிப்பில் அந்தப் பொடி பறந்து தீவனத்தில் விழும். நம் பாட்டிமார் பலகார அலமாரிக்குச் செய்ததையே செய்யுங்கள். கூண்டு நிற்கும் ஸ்டாண்டின் நான்கு கால்களையும் நான்கு கிண்ணத்துத் தண்ணீரில் வையுங்கள். சோப்புத் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டால் எறும்பு மிதந்து கடக்காது. இரண்டு நாளுக்கொருமுறை தண்ணீர் மாற்றாவிட்டால் கொசு முட்டையிடும்.

எலிக்கு மருந்து வைக்காமல் பொறி வையுங்கள்.

பறவைக்குப் பேன், உண்ணி வந்தால் நாய்க்குப் போடும் உண்ணிப் பவுடரைத் தூவுவதும், கூட்டுக்குள் அந்துருண்டை போடுவதும் இங்கே சர்வசாதாரணம். அந்துருண்டையில் உள்ள நாப்தலின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக் கூடியது. வேப்பிலை ஊறவைத்த தண்ணீரில் குளிக்கவிடுங்கள். அதில் தீராவிட்டால் மருத்துவர் எடை பார்த்து அளந்து தரும் சொட்டு மருந்து இருக்கிறது.

ஆறாம் படி: கூண்டே நஞ்சாகும்போது

பளபளக்கும் புதுக் கூண்டின் கம்பியில் துத்தநாகப் பூச்சு இருக்கும். லவ் பேர்ட்ஸ் கம்பியைக் கடித்தபடியே ஏறி இறங்கும் பறவை. தூளாகவும் சிறு சொட்டாகவும் இருக்கும் துத்தநாகம் வயிற்றுக்குப் போய்ச் சேரும். அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, எச்சம் நீர்த்துப் போவது, எடை குறைவது ஆகியவை அதன் அறிகுறிகள். வாங்கியவுடன் வினிகரும் பழைய பல்துலக்கியும் கொண்டு ஒவ்வொரு கம்பியையும், முக்கியமாகக் கம்பிகள் சேரும் முடிச்சுகளையும் தேய்த்து, தண்ணீரில் அலசி, வெயிலில் காயவையுங்கள். இதனால் பூச்சு முழுக்கப் போய்விடாது, உதிரக் கூடியது போகும். வசதி இருந்தால் எவர்சில்வர் கம்பிக் கூண்டே நல்லது.

பழைய கூண்டுக்கு இனாமல் பெயிண்ட் அடிக்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு பூசிய ஜன்னல் கம்பி, கதவு, பழைய கட்டில் எதையும் பறவை கொறிக்க விடாதீர்கள். வீட்டுக்கு வெள்ளையடித்தாலும் பெயிண்ட் அடித்தாலும் நெடி போகும் வரை, குறைந்தது ஒரு வாரம், பறவை உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

வாராந்திரக் கழுவலை இப்படிச் செய்யுங்கள். பறவையை வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். எச்சத்தைத் தண்ணீர் தெளித்து ஊறவைத்துச் சுரண்டுங்கள், காய்ந்த தூளாகச் சுரண்டினால் அது உங்கள் மூச்சுக்கும் ஆகாது. பாத்திரம் துலக்கும் சோப்பால் தேய்த்து அலசுங்கள். மாதம் ஒருமுறை கிருமி நீக்க, பிளீச் எனப்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி கலந்து, பத்து நிமிடம் படவிட்டு, நெடி சுத்தமாகப் போகும் வரை அலசி, அரை நாள் வெயிலில் வையுங்கள். எச்சத்தைக் கழுவும் முன் இந்தத் திரவத்தை ஊற்றக் கூடாது. எச்சத்திலிருந்து வரும் அமோனியாவோடு சேர்ந்தால் அது மூச்சை எரிக்கும் வாயுவாகும். வினிகரோடும் சேர்க்கக் கூடாது.

ஏழாம் படி: தீவனமும் கீரையும் பழமும்

தினை, கம்பு, சாமை ஆகியவற்றை உணவுக்கு விற்கும் கடையில் வாங்குங்கள். விதைக்கடையில் வேண்டாம். விதைப்புக்கான தானியத்தில் பூஞ்சண மருந்தும் பூச்சிமருந்தும் கலந்து, அடையாளத்துக்காகச் சிவப்பு, இளஞ்சிவப்பு, நீலச் சாயம் பூசியிருப்பார்கள். கழுவினால் சாயம் போகும், மருந்து போகாது. விதைத்தது போக மீந்ததைப் பறவைக்குப் போடுவோம் என்று யாராவது கொடுத்தால் வாங்கவே வேண்டாம்.

மொத்தமாக வாங்கி வைக்கும் தானியத்தில் வண்டு விழாமலிருக்க மாத்திரை போடும் வழக்கம் உண்டு. அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டவுடன் பாஸ்பீன் வாயுவை விடும். வீட்டுக்குள் அதை வைக்கவே கூடாது, மனித உயிருக்கும் ஆபத்து. தானியத்தை நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, ஆறவிட்டு, காய்ந்த வேப்பிலையோடு மூடிய தகரத்தில் வையுங்கள். ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்கினால் வண்டுப் பிரச்சினையே வராது.

தோட்டத்துத் தரையில் மேயவிடும் புறா, கோழிகளுக்கு இன்னோர் ஆபத்து உண்டு: குருணை மருந்து. கார்போஃபியூரான் குருணை ஒன்றே ஒன்று ஒரு சின்னப் பறவையைக் கொல்லப் போதும். பறவைகள் இரைப்பையில் தீனி அரைக்கச் சிறுகல் பொறுக்குவதால், குருணையைக் கல்லென்று நினைத்து எடுத்துவிடும். கேரள அரசு 2011-லேயே இதற்குத் தடை விதித்தது. வாழைக்கு, ஏலத்துக்கு என்று வாங்கி மிச்சம் வைத்த பழைய பொட்டலங்கள் எந்த வீட்டுப் பரணிலும் இருக்கலாம், தேடிப் பாருங்கள்.

இனி திராட்சை. பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்களுக்கெல்லாம் பெருமைதான். ஆனால் பந்தலிலிருந்து பறித்த கொத்தை அப்படியே கூண்டில் தொங்கவிடுவதை நான் எங்கு பார்த்தாலும் தடுக்கிறேன். ஒரு பழத்தை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். தோல் முழுவதும் சாம்பல் பூத்தது போல மெல்லிய, சீரான படலம் இருக்கும், விரலால் தடவினால் வழுக்கிக்கொண்டு அழியும். அது பழத்தின் சொந்த மெழுகு, கெடுதல் இல்லை. மருந்து அப்படி இருக்காது. வட்டவட்டமாகச் சொட்டு காய்ந்த தடம், பழத்தின் கீழ்முனையில் திரண்டு காய்ந்த வெள்ளை அல்லது வெளிர்நீலத் திட்டு, காம்பு சேருமிடத்தில் பொருக்கு. நீலமாக இருந்தால் அது மயில்துத்தமும் (தாமிர உப்பு) சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை, அடிச்சாம்பல் நோய்க்கு அடிப்பது. சிறு பறவைக்குத் தாமிரமும் நஞ்சுதான். எந்தத் தடமும் தெரியாத மருந்துகளும் இருக்கின்றன, ஆகவே கண்ணால் பார்த்துத் தப்பு இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

கழுவும் முறை: கொத்திலிருந்து ஒவ்வொரு பழமாகப் பிய்த்து எடுங்கள், கொத்தாகக் கழுவினால் நடுவில் தண்ணீர் போகாது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு சின்ன எலுமிச்சை அளவு, அதாவது 20 கிராம், புளி கரைத்து வடிகட்டி அதில் பத்து பதினைந்து நிமிடம் ஊறவையுங்கள். மலைக்கு அந்தப் பக்கம், வெள்ளாயணி வேளாண் கல்லூரியில் மருந்து எச்சத்தை அளக்கும் ஆய்வகத்தின் வழியாகக் கேரள வேளாண் பல்கலைக்கழகம் காய்கறிகளுக்குச் சொல்லிவரும் முறை இது. சமையல் சோடா 10 கிராம் ஒரு லிட்டரில் கலந்தும் ஊறவைக்கலாம். பிறகு ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள். தோலை உரித்துச் சதையை மட்டும் கொடுத்தால் இன்னும் நல்லது.

கொத்தமல்லி, அரைக்கீரை, பாலக்கு எதுவானாலும் வேரையும் வெளி இலைகளையும் நீக்கிவிட்டு, இலை இலையாகப் பிரித்து இதே முறை. செடி உறிஞ்சிக்கொள்ளும் மருந்துகள் இலையின் உள்ளேயே இருக்கும், அதைக் கழுவ முடியாது. எனவே பறவைக்கான கீரையை நீங்களே வளர்ப்பதுதான் முழுத் தீர்வு. நான் இரண்டு பழைய பேசினில் தினையும் கொத்தமல்லியும் விதைத்திருக்கிறேன். தினை எட்டு பத்து நாளில் விரல் நீளம் முளைத்துவிடும், பேசினோடு கூண்டருகில் வைத்தால் அன்று மாலைக்குள் மொட்டையாகிவிடும். முருங்கைக் கொத்து வீட்டு மரத்தில் இருந்தால் அதைவிட நல்ல கீரை இல்லை.

குமுளிப் பக்கத்திலிருந்து பட்டர் ஃப்ரூட் வாங்கி வருவீர்கள். மருந்தே அடிக்காத மரமானாலும் அதைப் பறவைக்குக் கொடுக்காதீர்கள். அதில் இயற்கையாகவே உள்ள பெர்சின் என்ற பொருள் பறவையின் இதயத்தைப் பாதிக்கும்.

எட்டாம் படி: பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடிக்கும் நாள்

முதலில் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் பேசி வையுங்கள். "அண்ணன், மருந்து அடிக்கும் முதல்நாள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், பறவைக் கூண்டை உள்ளே எடுத்துக்கொள்கிறேன்" என்று கேட்டால் மறுப்பவர் இல்லை. எங்கள் பின்பந்தல்காரர் இப்போது கேட்காமலேயே சொல்லி அனுப்புகிறார். என்ன மருந்து என்றும் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பறவைக்கு ஏதாவது ஆனால் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

மருந்துப் பாட்டிலில் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும், அதன் கீழ் முக்கோணத்தில் நிறம். சிவப்பு மிகக் கடும் நஞ்சு, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறையும். இந்த வரிசை எலி போன்ற சோதனை விலங்குகளில் பார்த்துத் தீர்மானித்தது. பறவைக்கு அது அப்படியே பொருந்தாது, ஆகவே பச்சை முக்கோணம் என்பதற்காகக் கூண்டை வெளியே விட்டுவைக்காதீர்கள்.

அன்று முழுவதும் கூண்டு, காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க உள்ளறையில் இருக்க வேண்டும். ஜன்னல்கள் சாத்தியிருக்கட்டும், கூலர் ஓட வேண்டாம், அது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். மறுநாள் காலையில் முற்றத்தையும் ஜன்னல் கம்பிகளையும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் பிறகு கூண்டை வெளியே எடுங்கள். வீட்டு முருங்கையிலும் சாரல் பட்டிருக்கும். அந்த வாரம் அதிலிருந்து கீரை பறிக்காதீர்கள்.

ஒன்பதாம் படி: ஏதோ ஆகிவிட்டது என்றால்

பறவை நோயை மறைக்கும். நமக்குத் தெரியும் அளவுக்கு வந்துவிட்டது என்றால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். அலகைத் திறந்து மூச்சு விடுவது, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடுவது, கத்தும் குரல் மாறுவது, இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்காருவது, நடுக்கம், கால் தள்ளாட்டம், எச்சில். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நாளை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

புகையோ ஆவியோ என்றால் ஜன்னலைத் திறந்துகொண்டிருக்காமல் கூண்டோடு வெளியே ஓடுங்கள். நல்ல காற்றில் வைத்த பிறகு வீட்டைப் பாருங்கள்.

உடம்பில் மருந்து பட்டிருந்தால் கையுறையோ பாலிதீன் பையோ மாட்டிக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீரும் மிகக் கொஞ்சம் பாத்திரச் சோப்பும் கொண்டு இறகு வாக்கில் கழுவி, அலசி, மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள். தலையிலும் மூக்குத் துளையிலும் தண்ணீர் படக் கூடாது. ஈரத்தோடு குளிரவிடக் கூடாது.

வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பால், மோர், இளநீர், புளித்தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். தள்ளாடும் பறவைக்கு ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் இறங்கும். காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட சுத்தமான அட்டைப்பெட்டியில் பருத்தித் துணி விரித்து, பக்கத்தில் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்து, இருட்டாக மூடிக் கொண்டுபோங்கள். இருட்டும் கதகதப்பும் அதன் பதற்றத்தைக் குறைக்கும்.

மருந்துப் பாட்டிலையோ அதன் லேபிளின் படத்தையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். கேரளப் பக்கத்து மருந்தென்றால் லேபிளின் எல்லாப் பக்கத்தையும் படமெடுங்கள், மலையாளத்தில் எழுதியிருந்தாலும் மருந்தின் வேதிப்பெயர் ஆங்கிலத்தில் எங்காவது இருக்கும். கடைசியாகத் தின்ற தீவனத்தில் ஒரு பிடியும், எச்சம் பட்ட காகிதமும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். தேனியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்க எண் 1962. உங்கள் ஊர் மருத்துவர் பறவைக்கும் பார்ப்பாரா, இரவில் பார்ப்பாரா என்று இன்றே விசாரித்து, எண்ணைக் கூண்டின் மேல் ஒட்டி வையுங்கள்.

இறந்துவிட்டால் உடனே புதைத்துவிடாதீர்கள். பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி, உணவில்லாத இடத்தில் ஐஸ் வைத்துக் குளிர்ச்சியாக, உறையவிடாமல் பாதுகாத்து, பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். நான் அன்று அந்த இரண்டு உடல்களையும் கொண்டுபோனதால்தான் காரணம் தெரிந்தது. அதே அறையில் மிஞ்சியிருக்கும் பறவைகளின் தீவனம், தண்ணீர், விரித்த காகிதம் எல்லாவற்றையும் அப்போதே அகற்றுங்கள். கூண்டைச் சோப்பால் கழுவி, வேறு வீட்டில் இரண்டு நாள் வைத்து, ஒரு மணிக்கொருமுறை எச்சத்தையும் மூச்சையும் பார்த்து எழுதி வையுங்கள்.